படகிலும் படுக்கையிலும் தங்கிவிடும் எரிபொருள் நெடி: காரணங்களும் நீக்கும் முறைகளும்

டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவை சிந்திய இடத்தைத் துடைத்த பின்னரும் நாள்கணக்கில் எழும் மணமே எரிபொருள் நெடி எனப்படுகிறது. பெரும்பாலோர் இதனைச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒரு தொல்லையாகவே கருதுகின்றனர். எரிபொருளின் ஆவி மூக்கை வந்தடைவதைத்தான் நாம் நெடியாக உணர்கிறோம். எனவே நெடி உள்ள வரையில் அவ்விடத்தில் எரிபொருள் எஞ்சியிருக்கிறது என்றும், அங்கு இருப்போர் அதனைச் சுவாசித்துக்கொண்டிருக்கின்றனர் என்றும் பொருள். நறுமணத்தைக் கொண்டு அதனை மறைப்பதால் ஆவி குறைவதில்லை. எஞ்சிய எரிபொருளை வெளியேற்றுவது ஒன்றே தீர்வு.

விசைப்படகின் சிற்றறையில் பல நாட்கள் உண்டு உறங்கும் மீன்பிடித் தொழிலாளர்கள், ஃபைபர் படகின் எரிபொருள் கேனையும் ஈர உடைகளையும் வீட்டிற்குள் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஆகியோரை மனத்திற்கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எனினும் இது கடற்கரைக்கு மட்டும் உரிய செய்தியன்று. விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டால், மரக்காணம் கரையில் படகுகள் நிற்கின்றன. அதே மாவட்டத்தில் செஞ்சி வட்டாரத்திலுள்ள மேல்சித்தாமூரில் கடலும் இல்லை, படகும் இல்லை. ஆயினும் வயல்வெளிகளில் டீசல் இயந்திரம், டிராக்டர், பெட்ரோலில் இயங்கும் மருந்துத் தெளிப்பான் ஆகியவை உள்ள எந்த ஊரிலும், கேனிலிருந்து கசிந்த எண்ணெய் கட்டில் மெத்தையிலோ வேன் இருக்கையிலோ ஊறிவிடுவது நிகழக்கூடியதே. தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த மேல்சித்தாமூருக்கு நெடுந்தொலைவிலிருந்து வேன்களில் வருவோர், இருக்கைக்கு அடியில் எரிபொருள் கேனை வைத்துப் பயணிப்பதைத் தவிர்க்க வேண்டும். படகின் அறையும் மூடிய வேனும் இவ்வகையில் ஒன்றே: காற்றோட்டம் குறைவு, வெப்பம் மிகுதி, பஞ்சும் துணியும் நிறைவு.

எண்ணூர் நிகழ்வு

தமிழ்நாட்டில் இச்சிக்கல் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தாக்கியது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயலின் பெருமழையால் ஏற்பட்ட வெள்ளத்துடன், மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வெள்ளம் வடிந்தபோது வீட்டுச் சுவர்களில் கரிய கோடு நின்றது. படகுகள், வலைகள், பாய்கள், படுக்கைகள் அனைத்திலும் எண்ணெய் படிந்திருந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறல், தோல் அரிப்பு ஆகியவற்றைப் பொதுமக்கள் தெரிவித்தனர். பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாயும் மாநில அரசு நிவாரணமாக அறிவித்தது.

அதற்கு முன்பு 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோதும் எண்ணெய் கரை ஒதுங்கியது. அக்கசடு வாளிகளால் அள்ளப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் வெறுங்கையுடனும் வெறுங்காலுடனும் எண்ணெயில் இறங்கி வேலை செய்தோர் உண்டு. துப்புரவுக்கு முன் முதலில் வாங்கவேண்டியது சோப்புத்தூள் அன்று, கையுறையே. அதிலும் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் வகைக் கையுறை ஏற்றது. மெல்லிய ரப்பர்க் கையுறை எரிபொருளில் உப்பி விரைவில் கிழிந்துவிடும்.

நெடி ஏன் விடாப்பிடியாகத் தங்குகிறது?

எரிபொருள் என்பது ஒரே பொருளன்று. பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. பெட்ரோலில் உள்ளவை இலேசானவை. அவை சில மணி நேரத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அதனாலேயே தீ அபாயமும் மிகுதி. டீசல் ஏறத்தாழ 160 முதல் 370 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கொதிக்கும் கனமான பொருள்களால் ஆனது. அறை வெப்பத்தில் அது மிக மெதுவாகவே ஆவியாகிறது. ஒரு கரண்டி டீசல் மெத்தைக்குள் இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக வெளிவந்துகொண்டிருப்பது இதனால்தான். மண்ணெண்ணெய் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பாரத் நிலை 6 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. நெடியின் ஒரு பகுதி இதனால் குறைந்ததே தவிர, டீசல் ஆவியின் தன்மை மாறவில்லை.

மரம், பூசப்படாத ஒட்டுப்பலகை, வெடிப்புவிட்ட ஃபைபர் பூச்சு, பஞ்சு, கயிறு ஆகியவை எண்ணெயை உள்ளிழுத்துக்கொள்கின்றன. நண்பகல் வெயிலில் மூடிய அறை சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் ஆவியாகிறது. காலையில் "போய்விட்டது" என்று தோன்றிய நெடி பிற்பகலில் திரும்பி வருவதற்கு இதுவே காரணம்.

உடல்நலத்திற்கு நேரும் தீங்கு

மூடிய இடத்தில் எரிபொருள் ஆவியைச் சுவாசிப்பவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சல், சோர்வு, தூக்கக்கலக்கம் ஆகியவை உண்டாகும். ஆவி மிகுந்தால் நிதானம் தவறி நினைவிழக்கவும் கூடும். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென உறுதிசெய்யப்பட்டது. இந்திய விதிகளின்படி பெட்ரோலில் அதன் அளவு நூற்றுக்கு 1 பங்கைத் தாண்டலாகாது. டீசல் இயந்திரப் புகையையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. ஒரு நாள் நெடியால் புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் அதே அறையில் உறங்குவோர் அலட்சியமாக இருப்பதுதான் தவறு.

எரிபொருள் ஊறிய உடையையோ விரிப்பையோ தோலோடு ஒட்டவிட்டால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை கரைந்து வறட்சி, அரிப்பு, கொப்புளம் ஆகியவை தோன்றும். ஈரமான கால்சட்டையுடன் நாள் முழுதும் படகு செலுத்துவோருக்குத் தொடையில் தீப்புண் போன்ற காயம் உண்டாவதும் இவ்வாறே. கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோரை நெடி முற்றிலும் நீங்கும் வரை வேறிடத்தில் உறங்கச் செய்யவேண்டும்.

மூக்கை முழுமையாக நம்பவும் இயலாது. சில நிமிடங்கள் நெடியில் இருந்தாலே நுகரும் உணர்வு மழுங்கிவிடும். "எங்களுக்குப் பழகிவிட்டது" என்று கூறுவோருக்கு உண்மையில் பழகியது மூக்கு மட்டுமே, நுரையீரல் அன்று. மேலும், இயந்திரப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரம் ஓடும்போது படகறையில் உள்ள ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ வாந்தியோ தோன்றினால் அதனைக் கடல் ஒவ்வாமை என்று எண்ணி அங்கேயே படுத்துவிடாதீர்கள். உடனடியாக இயந்திரத்தை நிறுத்தி அனைவரும் திறந்த மேல்தளத்திற்கு வரவேண்டும்.

முதலில் கசிவைக் கண்டறியுங்கள்

கசிவை அடைக்காமல் அறையைக் கழுவுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். எரிபொருள் தொட்டியின் மூடி, காற்றுப்போக்கிக் குழாய், ரப்பர்க் குழாயின் இறுக்குப்பட்டைகள், வடிகட்டியின் அடிப்பகுதி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் கசிவு உள்ளது. சுத்தமான வெள்ளைத் துணியால் ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரமோ கறையோ தெரியும் இணைப்பே குற்றவாளி. வெடிப்புவிட்ட ரப்பர்க் குழாயை நாடா சுற்றிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுவதே முறை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலே எழாமல் படகின் அடிப்பகுதியில் குளம்போல் தேங்கும். நெடி கடுமையாக இருக்கும்போது விளக்கு, மின்விசிறி, கைப்பேசி மின்னேற்றி எதையும் இயக்கவோ அணைக்கவோ கூடாது. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றவும் கூடாது. அப்போது எழும் சிறு பொறியே போதுமானது. முதலில் எல்லா மூடிகளையும் சாளரங்களையும் திறந்து, இயற்கைக் காற்று அடித்தளம் வரை செல்ல விடுங்கள். பீடி, சிகரெட், அடுப்பு ஆகியவை அருகில் இருத்தலாகாது.

படகின் உட்புறத்தைத் தூய்மை செய்தல்

அடித்தளத்தில் தேங்கிய எண்ணெய்நீரை முதலில் உறிஞ்சி எடுக்கவேண்டும். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை இல்லையெனில் உலர்ந்த மரத்தூள், தென்னைநார்த் துகள், பழைய பருத்தித் துணி ஆகியவை பயன்படும். அவ்வெண்ணெயைக் கடலிலோ துறைமுக நீரிலோ இறைத்து விடாதீர்கள். சோப்புநீரை ஊற்றி எண்ணெயைக் கரைத்து வெளியேற்றுவதும் அதே தவறுதான். கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே தவிர, மீன்குஞ்சுகளுக்கு அது முன்னிலும் தீங்கானது. மூடியுள்ள கேனில் சேகரித்துத் துறைமுகத்தில் கழிவெண்ணெய் பெறும் இடத்தில் ஒப்படைக்கவேண்டும்.

பின்னர், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து தூரிகையால் தேய்க்கவேண்டும். எண்ணெயைப் பற்றி நீரோடு பிரித்தெடுப்பதற்கென்றே இத்திரவம் அமைந்துள்ளது. விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. ஒருமுறை கழுவினால் போதாது. தேய்த்து, ஒற்றியெடுத்து, நல்ல நீரால் அலசி, மறுநாள் மீண்டும் செய்யவேண்டும். மூன்று முறை கழுவிய பிறகே பலன் தெரியும் என்று எதிர்பார்ப்பது நலம். தளப்பலகைகளைக் கழற்றி அவற்றின் அடிப்புறத்தையும் குறுக்குச் சட்டங்களின் இடுக்குகளையும் தேய்க்கத் தவறினால் முழு உழைப்பும் வீணாகும்.

கழுவியதும் மூடிகளைத் திறந்து வைத்து இரண்டு மூன்று நாட்களாவது வெயிலும் காற்றும் படச் செய்யுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. படகு பழுதுபார்க்கப்படும் அக்காலமே இவ்வேலைக்கு ஏற்றது. கோடை வெயிலும் உடன் உதவும். எண்ணெய் ஊறிய ஒட்டுப்பலகையை நன்கு உலர்த்திப் பூச்சு இடுவதால் எஞ்சிய நெடி உள்ளேயே அடைபடும். ஈரமாகவோ எண்ணெய்ப் பசையுடனோ இருக்கும்போது பூசினால் பூச்சு உரிந்துவிடும். மிக ஆழமாக ஊறிய பலகையை மாற்றுவதே சிக்கனம்.

இதன் பின்னரும் மெல்லிய நெடி இருந்தால், அகன்ற தட்டுகளில் நொறுக்கிய மரக்கரியையோ சமையல் சோடாவையோ பரப்பி அறையில் வைக்கலாம். கிளர்வூட்டிய கரி இதைவிடச் சிறந்தது. இவை காற்றில் மிதக்கும் ஆவியைப் பற்றிக்கொள்ளும். மரத்தினுள் உள்ள எண்ணெயை இழுத்தெடுக்கா. எனவே இது கடைசிப் படிதான், முதற்படியன்று.

மெத்தை, தலையணை, இருக்கைத் திண்டு, உடை

இங்குதான் பலர் தவறு செய்கின்றனர். பஞ்சின் வகையைப் பொறுத்தே முறை மாறுகிறது.

நம் வீடுகளில் பெரிதும் விரும்பப்படும் இலவம்பஞ்சு நீரை விலக்கும். எண்ணெயையோ தன் எடையைப் போல் பல மடங்கு உறிஞ்சும். கடலில் சிந்திய எண்ணெயை அகற்ற இலவம்பஞ்சைப் பயன்படுத்தலாம் என ஆராயப்பட்டதும் இப்பண்பினாலேயே. முற்காலத்தில் இலவம்பஞ்சு அடைத்த உயிர்காப்பு அங்கிகள் இருந்தன. எண்ணெய் ஊறினால் அவை மிதக்கும் திறனை இழந்தன. ஆகவே டீசல் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்து மீட்க முயல்வது வீண். உறையை மட்டும் துவைத்து வைத்துக்கொண்டு பஞ்சை அகற்றிவிடுங்கள். இன்றைய நுரை அடைத்த உயிர்காப்பு அங்கியும் எரிபொருளில் நனைந்திருந்தால் அதன் நுரை சுருங்கியோ உப்பியோ உள்ளதா எனப் பார்த்து, ஐயம் இருப்பின் மாற்றிவிடவேண்டும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி உயிரை அதன்மீது ஏற்றுவது தகாது.

ஸ்பாஞ்சுத் திண்டில் மேலாகச் சிந்தியிருந்தால், உறையை நீக்கி, உலர்ந்த துணியால் அழுத்தி ஒற்றியெடுங்கள்; தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். பின்பு சமையல் சோடாவைத் தடிமனாகத் தூவி ஓர் இரவு திறந்த வெளியில் வைத்துத் தட்டிவிடவும். அடுத்து, பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நீரில் பிழிந்து பிழிந்து அலசி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் முழுமையாக உலர்த்தவும். உள்வரை ஊறியிருந்தால் அதனை விட்டுவிடுவதே நல்லது. தென்னைநார் மெத்தையில் நாரைப் பிணைக்கும் ரப்பர்ப் பால் எரிபொருளில் உப்பிச் சிதையும் என்பதால் அதனையும் பெரும்பாலும் மீட்க இயலாது. கோரைப்பாயைத் தாராளமாகக் கழுவி வெயிலில் காயவைக்கலாம்.

துணிகளைப் பொறுத்தவரை ஒரு கண்டிப்பான விதி உண்டு. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ பட்ட துணியை நேராகச் சலவை இயந்திரத்தில் போடாதீர்கள். இயந்திரத்தின் மூடிய உருளையில் ஆவி சேர்ந்து தீப்பற்றும் வாய்ப்பு உள்ளது. முதலில் வீட்டிற்கு வெளியே, தீயிலிருந்து விலகி, ஒரு நாளேனும் கொடியில் தொங்கவிடவும். பிறகு கறை உள்ள இடத்தில் பாத்திரம் துலக்கும் திரவத்தை நேரடியாகத் தடவி அரைமணி நேரம் கழித்துக் கையால் துவைக்கவும். நெடி நீங்கும் வரை மற்றத் துணிகளோடு சேர்க்கலாகாது; சூடான உலர்த்தியில் இடவும் இஸ்திரி போடவும் கூடாது.

அகற்றும் பஞ்சையும் துணியையும் வீட்டருகே கொளுத்தாதீர்கள். மூடியுள்ள உலோகத் தொட்டியில் வெளியே வைத்து உள்ளாட்சித் துப்புரவுப் பணியாளரிடம் எரிபொருள் ஊறியது எனத் தெரிவித்து ஒப்படையுங்கள்.

செய்யக்கூடாதவை

நெடியைப் போக்கச் சாம்பிராணி போடுவதும் ஊதுவத்தி, கற்பூரம் ஏற்றுவதும் நம்மிடையே வழக்கம். எரிபொருள் ஆவி உள்ள அறையில் இவை நெருப்பை வலிந்து அழைப்பவை. டீசல் கறையைப் பெட்ரோல் கொண்டு துடைப்பதும் இத்தகையதே: கறை நீங்கும், அபாயம் பெருகும்.

வெள்ளத்திற்குப் பின் பிளீச்சிங் பவுடர் தூவுவது நோய்த்தடுப்புக்கு உகந்தது. ஆனால் எண்ணெய் தேங்கிய இடத்தில் அதனைத் தூவக்கூடாது. அது எண்ணெயோடு வினைபுரிந்து சூடேறித் தீப்பற்றவும், எரிச்சலூட்டும் வாயுவை வெளியிடவும் கூடும். எண்ணெயைச் சோப்புநீரால் முழுமையாகக் கழுவி அலசிய பிறகே கிருமிநீக்கம் செய்யவேண்டும். பிளீச்சிங் பவுடரை அமிலத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். ஓசோன் இயந்திரம் வைத்து மணம் போக்கித் தருவதாகக் கூறுவோரிடமும் எச்சரிக்கை தேவை. ஓசோன் தானே நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு.

எரிபொருள் இருந்த கேனில் எவ்வளவு கழுவினாலும் குடிநீர் நிரப்பலாகாது. பிளாஸ்டிக் எண்ணெயைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. எரிபொருளுக்கு அருகில் மூடி வைத்திருந்த அரிசி, கருவாடு, நீர் ஆகியவற்றில் நெடி தெரிந்தால் உண்ணாமல் அகற்றிவிடுங்கள்.

நெடி நீங்கியதா என அறிவது எப்படி?

அறையை நண்பகல் வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் மூடி வையுங்கள். பின்னர் துப்புரவில் ஈடுபடாத, வெளியிலிருந்து வரும் ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்த முதல் மூச்சில் அவர் கூறுவதே சரியான முடிவு; வேலை செய்தவரின் மூக்கு அதற்கு உதவாது. மெத்தையாயின், பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்து அதேபோல் சோதிக்கலாம்.

எப்போது மருத்துவரை அணுகவேண்டும்?

ஆவியைச் சுவாசித்தவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்த பின்னும் தலைச்சுற்றல், இருமல், மூச்சுத்திணறல், குழப்பம் ஆகியவை தொடர்ந்தால் தாமதிக்கலாகாது. நினைவிழந்தவரை மீட்க, காற்றோட்டமற்ற அடித்தளத்தில் தனியே இறங்காதீர்கள், இறங்கியவரும் விழுவார். கண்ணில் எரிபொருள் பட்டால் தூய நீரை 15 நிமிடங்கள் தொடர்ந்து ஊற்றிக் கழுவவேண்டும். தோலில் பட்டால் நனைந்த உடையை நீக்கிச் சோப்பு இட்டுக் கழுவவேண்டும்.

குழந்தை மண்ணெண்ணெயையோ டீசலையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புநீர், புளிக்கரைசல், எண்ணெய் எதனையும் புகட்டாதீர்கள். வயிற்றில் உள்ளதைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் செல்லும் எண்ணெயே உயிருக்கு ஆபத்தானது. அது கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். குழந்தை நலமாக விளையாடினாலும் மருத்துவமனையில் குறைந்தது 6 மணி நேரம் கண்காணிக்கப்படவேண்டும். குடித்த பாட்டிலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பானப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பதே இத்தகைய விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, தீயணைப்புக்கு 101, கடலில் இருக்கும்போது கடலோரக் காவல்படைக்கு 1554 ஆகிய எண்களை அழைக்கலாம். நச்சுப்பொருள் தொடர்பான ஆலோசனையைப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் வழங்குகிறது.